அம்மா பேரை எடுத்துவிடுங்கள்

ஆன்லைனில் எதையாவது விற்கிற தம்பிகளே, உங்கள் விற்பனைக் கணக்கில் அம்மாவின் பான் நம்பர் இருக்கிறதா? இந்த வாரத்துக்குள் அதை எடுத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதலில் எடுங்கள்.

பரமத்தி வேலூரில் வரிக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். மூன்று மாதமாக ஒரே மாதிரி ஆட்கள் மாடிப்படி ஏறி வருகிறார்கள். முன்னால் ஒரு பையன், கையில் போன். பின்னால் அவன் அம்மா, கையில் துணிப்பை. பையில் ஆதார், பான், பாஸ்புக். போன மாதம் வந்த அம்மா பாண்டமங்கலம் பக்கத்தில் வெற்றிலை அடுக்கும் கூலிக்குப் போகிறவர். நூறு இலை ஒரு கவுளி, நூற்றி நான்கு கவுளி ஒரு சுமை. பேசிக்கொண்டே இலையை எடுத்துவைப்பார், கண் வேறெங்கோ இருக்கும், எண்ணிக்கை தப்பாது. விரல் நுனிகளில் ஏறிய பச்சைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அந்த விரலை வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைப் பிரிண்ட் மேல் வைத்து, "இதில என்னங்க சாமி எழுதியிருக்குது?" என்றார்.

எழுதியிருந்தது இதுதான்: அந்த அம்மா ஒரு வருடத்தில் ஆன்லைன் தளம் வழியாக 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்றிருக்கிறார். தளம் அதில் 0.1 சதவீதம், 1,140 ரூபாய், வரி பிடித்து அரசுக்குக் கட்டியிருக்கிறது.

"நானெங்க சாமி வித்தேன்? நான் வெத்தல அடுக்கறவ."

பையன் தலையைத் தூக்கவில்லை. சேலத்திலும் ஈரோட்டிலும் பழைய செல்போன்களை மொத்தமாக எடுத்து வந்து, டிஸ்பிளே மாற்றி, துடைத்துப் படமெடுத்து விற்கிறான். கெட்டிக்காரத் தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு ஆரம்பிக்கும்போது அம்மாவை வாசலில் வெளிச்சத்தில் நிறுத்தி, "கண்ணை மூடாம இரும்மா" என்று ஒரு போட்டோ எடுத்ததோடு சரி. ஓடிபி எல்லாம் அவன் போனுக்கு. கேட்டால், "எல்லாம் பழைய போனுங்கண்ணா. பழசுக்கு டேக்ஸ் இல்லைன்னு யூடியூப்ல சொல்றாங்க" என்கிறான்.

யூடியூபில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இருந்த சலுகை அது. அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. நீங்களோ உங்கள் குடும்பமோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த அசையும் பொருளை விற்றால் அதன் லாபத்துக்கு வரி கிடையாது. துணிமணி, கட்டில், பீரோ, பிரிட்ஜ், தையல் மெஷின், நீங்கள் ஓட்டிய ஸ்கூட்டி, குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்த கார், சீராக வந்து பரணில் கிடக்கும் பித்தளை அண்டா, எல்லாம் இதில் அடங்கும். வாங்கின விலையைவிட அதிகமாகவே விற்றாலும் வரி இல்லை. நஷ்டத்துக்கு விற்றால் அதை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஆகவே கல்யாணமாகி ஒரே முறை கட்டிய பட்டுப்புடவையை ஸ்டேட்டஸில் போட்டு விற்கிற தங்கச்சி யாருக்கும் ஒளிய வேண்டியதில்லை.

இது தெரியாமல் பயந்து நடுங்குகிறவர்களையும் பார்க்கிறேன். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, பழைய வாகனங்களுக்கு 18 சதவீதம் என்றதும் நம்மூர் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே கூப்பாடு. பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கின காரை ஒன்பது லட்சத்துக்கு விற்றால் நஷ்டத்துக்கும் வரியாம் என்று சத்தியம் செய்து அனுப்பினார்கள். அந்த வரி ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரிக்கு, அதுவும் அவனுடைய லாப வித்தியாசத்துக்கு மட்டும். சொந்தக் காரைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கிறவருக்கு அதில் ஒரு பைசா சம்பந்தமில்லை. வெளிநாட்டிலும் இதே கூத்துதான். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், ஆண்டுக்கு 30 விற்பனையோ 2,000 யூரோவோ தொட்டவர்களின் கணக்கைத் தளங்கள் வரித்துறைக்குத் தர வேண்டும் என்றதும், பழைய சட்டைக்கும் வரி வந்துவிட்டது என்று லண்டனில் அலறினார்கள். புதிதாக வந்தது தகவல் தரும் விதி. வரியில் மாற்றமே இல்லை என்று வரித்துறை விளக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா 2021இல் இந்த வரம்பை 600 டாலராக இறக்கி, நடைமுறைப்படுத்த முடியாமல் தள்ளித் தள்ளிப் போட்டு, 2025 ஜூலையில் பழையபடி 20,000 டாலரும் 200 விற்பனையும் என்று திரும்பிப் போனது.

சரி, நம் பையனிடம் வருவோம். அவன் விற்றது பழைய போன்தான். ஆனால் அவனுடைய பழைய போன் இல்லை, விற்பதற்கென்றே வாங்கினது. பொருள் பழசா புதுசா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உபயோகிக்க வாங்கினாயா, விற்க வாங்கினாயா என்றுதான் கேட்கிறது. கட்டின புடவையை விற்பது வீட்டுச் சாமான் விற்பது. இளம்பிள்ளையில் நாற்பது புடவை எடுத்துவந்து ஸ்டேட்டஸில் போடுவது வியாபாரம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுத்து விற்றாலும் அப்படித்தான். இந்த வித்தியாசம் விற்கிறவர் மனசுக்கு நன்றாகத் தெரியும். ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயமே இல்லை. நாமக்கல்லில் ஓடின லாரியையும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியையும் 'பழைய வண்டிதானே' என்று இந்தக் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறவர்கள் உண்டு. தொழிலில் தேய்மானம் எழுதின வண்டி வீட்டுச் சாமான் ஆகாது.

இனி எனக்கு ஆத்திரம் வருகிற இடம். அந்தப் பையன் அம்மா பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறு வியாபாரிக்கு உத்தேச வருமானம் என்று ஒரு வழி இருக்கிறது. வங்கி வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் வருமானமாகக் காட்டினால் போதும், பேரேடு வைத்திருக்க வேண்டியதில்லை. 11 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 6 சதவீதம் 68,400 ரூபாய். உண்மையான லாபம் அதைப்போல நாலு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் மூன்று லட்சத்தைத் தொடாது. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. மொத்த வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடி. அவன் தன் பேரில் நேராகக் கணக்குக் காட்டியிருந்தால் வருமான வரி சுழியம். பிடித்த 1,140 ரூபாயும் கைக்குத் திரும்பியிருக்கும். கட்டவே வேண்டாத வரியிலிருந்து தப்பிக்க, பெற்ற தாயை வியாபாரியாக்கியிருக்கிறான்.

இன்னொரு முடிச்சும் விழுந்திருந்தது. பெங்களூருக்கும் கொச்சிக்கும் பார்சல் போயிருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் தளம் வழியாகச் சரக்கு விற்கிறவருக்கு, 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், சேர்க்கை எண் ஒன்று வாங்கினால் போதும். மாநிலம் தாண்டிச் சரக்கு போனால் ஒரு ரூபாய் விற்பனைக்கும் பதிவு கட்டாயம். பழைய பொருள் வியாபாரிக்கு இதிலும் ஒரு தயவு உண்டு. உள்ளீட்டு வரி எடுக்காவிட்டால், வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். ஆனால் வித்தியாசத்தைக் காட்ட வாங்கின சீட்டு வேண்டும். பையனிடம் ஒரு சீட்டும் இல்லை. "அங்கெல்லாம் யாரும் பில்லு தரமாட்டாங்கண்ணா." கேட்டால்தானே தருவார்கள் தம்பி. ஒரு துண்டுத்தாளில் தேதி, போனின் ஐஎம்இஐ நம்பர், கொடுத்தவர் பேர், விலை, கையெழுத்து. பணத்தை ஜிபேயில் போடு. அது வரிக்கு மட்டும் உதவாது. அந்தப் போன் திருட்டுப் போனாக இருந்து போலீஸ் வாசலுக்கு வந்தால் உன்னைக் காப்பாற்றப் போவதும் அந்தத் துண்டுத்தாள்தான்.

அம்மாவுக்கு என்ன வரும் என்கிறீர்களா? நோட்டீஸ் அம்மா பேருக்கு வரும். கணக்குத் தாக்கல் செய்யாததற்கு அபராதம் அம்மா பேருக்கு. கெட்ட சரக்குக்கு நுகர்வோர் புகார் வந்தால் அம்மா பேருக்கு. கூலி வேலைக்காரர்களின் ஆதாரையும் பானையும் வைத்து யாரோ ஜிஎஸ்டி பதிவு எடுத்து, அவர்கள் குடிசைக்குக் கோடிக்கணக்கில் நோட்டீஸ் வந்த செய்திகளை நாளிதழில் படித்து உச்சுக் கொட்டினோமே, அங்கே ஏமாற்றினவன் யாரோ ஒரு புரோக்கர். இங்கே மகன். மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறேன், உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடு என்று கேட்டு வருகிறவர்களுக்குக் காலேஜ் பையன்கள் தூக்கிக் கொடுப்பதும் இதன் அடுத்த படிதான். கொடுத்தவன் கணக்கு சைபர் குற்ற வழக்கில் முடங்கும்போது, வாங்கினவன் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது.

நகைக்கு வருகிறேன். 'பழசு' என்ற சொல் இங்கேதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது.

வீட்டுச் சாமானுக்குச் சட்டம் தந்த சலுகையில் நகை கிடையாது. தங்கமோ வெள்ளியோ கல்லோ, கழுத்தில் முப்பது வருடம் கிடந்த செயினே ஆனாலும் அது மூலதனச் சொத்து. ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்புகளும் அப்படியே. தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியத்தையும் ஐம்பொன் விக்கிரகத்தையும் போட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் வரியை நினைப்பதற்கு முன் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை நினைக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய சிலைக்குப் பதிவு, உரிமம் என்று தனிக் கதை இருக்கிறது. பூஜைக்கு வைத்திருந்தது, ஆகவே சொந்த உபயோகம்தானே என்று கேட்கலாம். ராஜஸ்தான் பக்கத்து முன்னாள் மகாராஜா ஒருவர் தங்க நாணயத்துக்கும் வெள்ளிக் கட்டிக்கும் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976இல் தோற்றுத் திரும்பினார்.

இப்போது வீட்டுக்கே வந்து நகையை எடைபோட்டுப் பணம் அனுப்பும் ஆப்கள் வந்துவிட்டன. பவுன் விலை ஏறின ஏற்றத்தில் பீரோவைத் திறக்காத வீடு இல்லை. விற்கிறவர்கள் பயப்பட வேண்டியது வரிக்கு அல்ல, மறைப்பதற்கு. பொத்தனூர் அக்கா ஒருவர், கணவர் இல்லை, வேறு வருமானமும் இல்லை. அம்மா வீட்டில் போட்ட நகையை 5 லட்சத்துக்கு விற்றார் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கினது என்றால் அன்றைய சந்தை விலையை அசலாக எடுத்துக்கொள்ளலாம். அது 30,000 என்றால் லாபம் 4,70,000. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த நகை, ஆகவே 12.5 சதவீதம். 12 லட்சத்துக்கான தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது. ஆனால் வேறு வருமானம் இல்லாததால் முதல் 4 லட்சம் கழிந்துவிடும். மீதி 70,000க்கு வரி 8,750, அதன்மேல் செஸ் 350. மொத்தம் 9,100 ரூபாய். ஐந்து லட்சம் கைக்கு வந்த பிறகு ஒன்பதாயிரத்து நூறு. இதைக் கட்டுவதற்குப் பதிலாக மூன்று சொந்தக்காரர் கணக்கில் பணத்தைப் பிரித்துப் போட்டு, அதில் ஒருவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாமல் ஒன்றரை வருடம் அலைகிற குடும்பம் எனக்குத் தெரியும். விற்ற பணத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு, நிபந்தனைக்கு உட்பட்டு, இந்த லாபத்துக்கு விலக்கே உண்டு. கேட்காமலே ஒளிக்கிறார்கள். பழசைப் போட்டுப் புதுசு எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது விற்பனைதான் என்பதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரொக்கம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், இதில் சுத்தமான மனுசர்களே மாட்டுகிறார்கள். சொந்தக் காரை இரண்டே கால் லட்சத்துக்கு விற்றீர்கள். வரி கிடையாது, சந்தோஷம். ஆனால் பணத்தை நோட்டாக வாங்கினீர்கள். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது சட்டம். மீறினால் வாங்கின தொகைக்குச் சமமாக அபராதம், கொடுத்தவருக்கு அல்ல, வாங்கின உங்களுக்கு. திங்கட்கிழமை ஒரு லட்சம், புதன்கிழமை மிச்சம் என்று பிரித்தாலும் ஒரே விற்பனை ஒரே விற்பனைதான். "ஏனுங்க, கேஷா கொடுத்தா அஞ்சாயிரம் சேத்தித் தர்றேன்" என்று வருகிறவரிடம் காபி கொடுத்து, வங்கியில் போடச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு குறுக்கு வழியையும் பேசிவிடுகிறேன். கோபப்பட்டாலும் பரவாயில்லை. எந்தப் பணம் வந்தாலும் 'விவசாய வருமானம்' என்று எழுதச் சொல்வது. வாழைத்தார் ஏலத்தில் வந்த பணம், கொடிக்காலில் வந்த பணம், அதற்கு வருமான வரி இல்லை. அது விவசாயிக்கு நியாயமாகச் சேர வேண்டியது. நகை விற்ற பணத்தையும் போன் விற்ற பணத்தையும் அந்தப் பாத்தியில் பாய்ச்சாதீர்கள். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் படிவம் திருப்பிக் கேட்கிறது: நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா. ராஜவாய்க்கால் கரையில் ஒன்றே கால் ஏக்கரை வைத்துக்கொண்டு ஏழு லட்சம் வெற்றிலை விளைந்ததாக எழுதச் சொன்னவரிடம், உங்கள் கொடியில் வெற்றிலைக்குப் பதில் நோட்டா காய்க்கிறது என்று கேட்டு அனுப்பினேன். அவர் அதன்பிறகு வரவில்லை. வரி கட்டாத விவசாயிக்கு ஊரில் இருக்கிற மரியாதையே அந்த வருமானம் உண்மையானது என்கிற நம்பிக்கையில் நிற்கிறது. நாலு பேர் அதைத் திரைச்சீலையாக்கினால், கொடிக்காலில் வெயிலில் நிற்கிறவன் பில்லையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

ஆகவே நாள் கடத்தாதீர்கள். வருமான வரித்துறை இணையதளத்தில் உங்கள் பேரில் நுழைந்து ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். 2021 நவம்பரிலிருந்து அது இருக்கிறது. வங்கி வட்டி முதல் ஆன்லைன் விற்பனை வரை நம்மைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதில் கிடக்கிறது. நாம் மட்டும்தான் திறந்து பார்ப்பதில்லை. வீட்டில் அம்மா, அப்பா, மனைவி பான் கார்டு எல்லாவற்றுக்கும் பாருங்கள். தப்பான பதிவு இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். இது வேறொரு பான் நம்பருக்கு உரியது என்று குறிப்பதற்கும் இடம் இருக்கிறது. அதைக் குறித்துவிட்டு, அந்த விற்பனையை உங்கள் பேரில் வருமானமாகக் காட்டுங்கள். நகை விற்றவர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. முந்தைய வருடங்களில் விட்டிருந்தால் புதுப்பித்த படிவம் என்று ஒரு வாசல் நான்கு வருடம் வரை திறந்திருக்கிறது. ஆனால் முதல் வருடத்துக்குள் வந்தால் வரி வட்டியோடு கூடுதலாக 25 சதவீதம், தள்ளத் தள்ள 50, 60, 70. அவர்கள் கண்டுபிடித்து, வேண்டுமென்றே மறைத்தாய் என்று முடிவானால் வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம்.

வெற்றிலை அடுக்கும் அந்த அம்மாவின் கணக்கை அன்று மாலையே ஆரம்பித்தோம். பையன் தன் பான் கார்டை எடுக்கப் பொத்தனூர் வரை வண்டியில் போய்வந்தான். அதுவரை அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, நான் பிரிண்ட் எடுத்துப் போட்ட தாள்களை அவர் பழக்கத்துக்கு ஓரம் தட்டி, நுனி சேர்த்து அடுக்கிக்கொண்டே இருந்தார். பையன் திரும்பி வந்ததும், "எம்பேர்ல இருக்கறதெல்லாம் மொதல்ல படிச்சுக் காட்டு கண்ணு, அப்பறம் எழுது" என்றார். அவன் படித்தான். பெங்களூர், கொச்சி, மதுரை, தேதி, தொகை என்று வாசிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எந்த வரியையும் அவர் தாண்ட விடவில்லை.

உங்களில் யாராவது வருவதானால் காலையில் பத்து மணிக்கு மேல் வாருங்கள். வாழைத்தார் ஏல நாளில் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அம்மாவின் பான் கார்டை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள்.